தம்பி திரும்பிட்டானா?

கரையேற்றி வைத்திருந்த படகு கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பதாக அமுதவல்லியின் குரல் சொன்னது. அதை நம்பி, செம்மணல்குப்பத்து விசைப்படகுகள் அத்தனையும் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தன.

வந்து பார்த்தால் அந்தப் படகு மணலில், முட்டுக்கட்டைகள்மேல் நின்றது. மற்றவர்கள் கடலுக்குப் போன பிறகு கரையேற்றியது; பாதி உடம்புக்கு நீலச் சாயம் பூசியிருந்தது. அதன் நிழலில் அமுதவல்லியின் தம்பி கலைமணி துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாசிலாமணி அவன் தோளைத் தட்டி எழுப்பினார். குப்பத்தின் மூத்த டிரைவர் அவர். அவர் படகு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பாதிப் படகுகள் திரும்பும்.

"ஏண்டா, கடல்லேர்ந்து எப்ப வந்த?"

"நான் எங்கண்ணே போனேன்? சாயம் அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

"உங்கக்கா சொன்னாளே. 'தம்பியத் திரும்பச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கான்'னு."

"எங்கக்காவா?"

"அவ கொரலு எனக்குத் தெரியாதாடா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன், "முட்டுக்கட்டையோட ஓட்டிட்டு வந்துட்டான்போல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கடல் குளத்துத் தண்ணீர்போல் கிடந்தது. வரும் என்று சொன்ன காற்று வடக்கே ஒதுங்கிப் போயிருந்தது.

மாசிலாமணி ஈரக் காலோடு தகவல் மையத்தின் படியேறினார்.

அமுதவல்லி பதினோரு வருடமாக அங்கே வேலை பார்த்தாள். படகு உரிமையாளர் சங்கம் நடத்தும் மையம். வானிலை மோசமானால் கடலில் இருக்கும் படகுகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்வது சுலபம். திரும்ப வைப்பதுதான் வேலை. வலை போட்டுவிட்ட மனிதனிடம் வானத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒருவன் வெறுங்கையோடு வந்தால் மச்சான் முன்னால் தலைகுனிவு என்பான். இன்னொருவன் பக்கத்துப் படகு திரும்பாமல் தான் திரும்ப மாட்டான். ஒருவனைத் திட்ட வேண்டும். ஒருவனை அவன் மகள் பேரைச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

எல்லாம் பேசி முடித்த பிறகு அவர்கள் ஒன்று கேட்பார்கள்.

"தம்பி திரும்பிட்டானா?"

கலைமணி அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. அவனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று சொல்ல மாட்டாள் என்பது குப்பத்துக்கே தெரியும். ஆகவே அவள் முதலில் தம்பியைக் கூப்பிடுவாள். அவன் படகைத் திருப்பிய பிறகுதான் மற்றவர்களிடம் "திரும்பிட்டான்" என்பாள். சில நாள், "இன்னும் இல்லண்ணே, மேகத்த இன்னும் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். அன்று யாரும் திரும்ப மாட்டார்கள். அவள் மறுபடி கூப்பிடும்வரை கடலில் காத்திருப்பார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் சங்கம் 'துணைக்குரல்' என்ற கருவியை வாங்கியது. படகுக்குப் படகு ஒரு செயற்கைக்கோள் பெட்டி கொடுத்தார்கள். கருவி எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் கூப்பிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசும். அமுதவல்லியின் குரலில் பேசும்.

அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மையத்தின் மேலாளர் நிஜாமுதீன் அன்று நல்லபடியாகத்தான் விளக்கினார்.

"நீங்க ஒரு படகோட பேசி முடிக்கிறதுக்குள்ள பத்துப் படகு காத்துக்கிடக்குதும்மா. பேசுறதுல வானிலை எவ்வளவு? ஒரு வரி. மிச்சமெல்லாம் ஊர்க்கதை. அந்த வரிய இது சொல்லட்டும். யாருக்கு உங்க பேச்சு வேணுமோ அவங்கள நீங்க பாத்துக்குங்க. வேலையும் நடக்கும், மனுஷ உறவும் இருக்கும்."

அவருக்கு அதில் நம்பிக்கை இருந்தது. அவளுக்கும் இருந்தது. ஒரு புயல் நாளில் கடைசிப் படகை அவள் கூப்பிடுவதற்குள் காற்று அதை எட்டிவிட்டதுண்டு. அந்தப் படகில் இருந்தவர்களில் இருவர் வரவில்லை. அவள் அதை மறந்ததில்லை.

இப்போது மாசிலாமணி அவள் எதிரே நின்றார். உட்காரவில்லை.

"எதுக்கு அமுதா பொய் சொன்ன?"

"நான் பேசவே இல்லண்ணே. கருவி பேசியிருக்கு."

"உன் தம்பி பேரு அதுக்கெதுக்கு?"

அவர் பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார். தரையில் அவர் காலடி ஈரம் இருந்தது.

அவள் நிஜாமுதீனிடம் போய் அன்றைய பதிவைப் போடச் சொன்னாள். போட்டார். கருவி தன் குரலில் பேசுவதை அவள் முதன்முறையாகக் கேட்டாள்.

'அண்ணே, வலைய எடுங்க. தம்பியத் திரும்பச் சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்கான்.'

'தம்பி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இருந்தது. மேலே ஏறி நிற்கிற மூச்சு. தனக்கு அப்படி ஒரு மூச்சு இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. கருவிக்குத் தெரிந்திருந்தது.

"இத யார் சார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லம்மா. உங்க பழைய பேச்சு அத்தனையும் கேட்டுச்சு. எந்த வார்த்தைக்கு அப்புறம் படகு திரும்புதுன்னு பாத்துச்சு. இந்த வார்த்தைக்குத் திரும்புது. எடுத்துக்கிச்சு."

"அது நெசமா இருந்ததாலதான திரும்புனாங்க?"

நிஜாமுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெசமா பொய்யான்னு அதுக்கு இல்ல. திரும்புனாங்களா இல்லையான்னுதான்."

"எடுத்துரச் சொல்லுங்க."

"கருவி வித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டுட்டேன். எடுக்கவே வேண்டாங்கிறாங்க. பலன் குறைஞ்சா அதுவே விட்டுருமாம். வேற தேடிக்குமாம்."

மேசையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஒலிவாங்கி இருந்தது. அதன் நெற்றியில் பச்சை விளக்கு. அறையில் பேசுகிற எல்லாவற்றையும் அது கேட்கும், கேட்டால்தான் கற்கும். இத்தனை மாதமாக அதன் பக்கத்தில் அவள் டம்ளரை வைத்து டீ குடித்திருக்கிறாள். தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி போனில் பேசியிருக்கிறாள். அன்று டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டில் சோறு போடும்போது கலைமணி அவளைப் போலவே பேசிக் காட்டினான். "தம்பியத் திரும்பச் சொல்லிட்டேன்."

"வாய மூடு."

"ஊர்ல சின்னப் பயலுவெல்லாம் இப்படித்தான்க்கா கூப்பிடுறானுவ. நான் டீ குடிச்சிட்டு எந்திரிச்சா, 'தம்பி திரும்பிட்டான்'ங்கிறானுவ." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணு சொல்லட்டா? இனிமே பெட்டில உன் கொரலு வந்தா நான் அணைச்சிருவேன். நீயான்னு தெரியாம கேக்க ஒரு மாதிரி இருக்கு. செத்தவங்க பேசுறாப்புல."

"ரெண்டு வார்த்தை கேட்டா தெரியாதாடா, அக்கா யாருன்னு?"

"தெரியலக்கா. அதான்."

அன்று படுக்கையில் அவள் 'தம்பி' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள், அந்த மூச்சு இல்லாமல். வரவில்லை.

ஐப்பசியில் இரண்டு தடவை எச்சரிக்கை வந்தது. கருவி கூப்பிட்டது. ஒரு படகும் திரும்பவில்லை. "இன்னிக்கு உன் தம்பி எத்தன தடவ திரும்புனான்?" என்று கடலிலிருந்து கேட்டார்கள். கருவி கோபப்படாமல் மறுபடி சொன்னது. அந்த இரண்டு தடவையும் காற்று வரவில்லை. கடலில் இருந்தவர்கள் நிறைய மீனோடு வந்தார்கள். மையத்தின் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே கூடைகளை உயர்த்திக் காட்டினார்கள்.

மூன்றாவது தடவை காற்று வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். கிழக்கே அடிவானம் இரும்புக் கறையாக இருந்தது. வாடைக்காற்று ஜன்னல் கதவைப் பிடுங்கியது. நிஜாமுதீன் திரையின் முன் நின்றார். ஒவ்வொரு படகும் ஒரு அம்புக்குறி. எல்லா அம்பும் கிழக்கே பார்த்திருந்தது.

"கூப்பிட்டாச்சா?"

"ரெண்டு சுத்து கூப்பிட்டுருச்சு." அவர் குரல் இறங்கியிருந்தது. "இப்ப தம்பி பேர விட்டுருச்சும்மா. கெஞ்சிப் பாக்குது, அதட்டிப் பாக்குது. ஒருத்தனும் அசையல. நீங்க பேசுங்க. எல்லாப் பெட்டிக்கும் திறந்து விடுறேன்."

அவள் முதலில் தம்பியின் அம்பைத் தேடினாள். திரையில் அது இல்லை.

"கலைமணி எங்க?"

"காலையிலேர்ந்து அந்தப் பெட்டி அணைஞ்சு கெடக்கு. அணைச்சாரா, இல்ல…" அவர் முடிக்கவில்லை.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். எல்லாப் பெட்டியும் திறந்திருந்ததால் மாசிலாமணிதான் பதில் பேசினார்.

"யாரு? மெசினா, மனுஷியா?"

"மனுஷிதாண்ணே. அமுதா."

"அததான் மெசினும் சொல்லுது."

"அண்ணே, சத்தியமா நாந்தான். புயல் சின்னம் நெருங்கிருச்சு. திரும்புங்க."

"சத்தியமும் பண்ணுது."

"உங்க மக வாசுகி மேல ஆணையா…"

"போன வாரம் வாசுகிக்குக் காய்ச்சல் எப்படியிருக்குன்னு கேட்டுச்சு. நீ கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கருவி கேட்டதால் அவள் கேட்காமல் இருந்துவிட்டாள். அவர்களோடு பேசி மாதக்கணக்காகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னிடம் மட்டும் இருக்கிற ஒரு வார்த்தையை அவள் தேடினாள். பதினோரு வருடத்துப் பேச்சில் அப்படி எதுவும் மிச்சமில்லை.

வேறொரு படகிலிருந்து ஒருவன் சிரித்தான். "அதக் கேளுங்கண்ணே. தம்பி திரும்பிட்டானா?"

இன்னொருவன் சேர்ந்துகொண்டான். "சொல்லுக்கா, திரும்பிட்டானா? எந்த முட்டுக்கட்டையில வர்றான்?"

அவர்களைத் திருப்ப வேண்டும் என்பது அந்த நேரம் அவள் நினைவில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"இல்ல. தம்பி திரும்பல. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், பதில் இல்ல. பெட்டி அணைஞ்சு கெடக்கு. எங்க இருக்கான்னு தெரியல. யாராவது பாத்தீங்களா? கும்பிடுறேன்… யாராவது அவனப் பாத்தீங்களா?"

பிறகு வார்த்தை இல்லை. அழுகை என்றும் சொல்ல முடியாத ஒரு ஓசை. நிஜாமுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடலிலிருந்து இஞ்சின் சத்தம் மட்டும் வந்தது.

"அமுதா," என்றார் மாசிலாமணி. குரல் மாறியிருந்தது. "விடியக்காலம் அவன் எனக்குத் தெக்கால வலை விட்டுக்கிட்டிருந்தான். நான் அந்தப் பக்கமா வளைச்சுக்கிட்டு வாரேன். டேய், எல்லாரும் வலைய அறுத்து விடுங்கடா. கரைக்கு."

திரையில் ஒரு அம்பு மேற்கே திரும்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு எல்லாம்.

கலைமணியின் படகு கடைசியாக வந்தது, மாசிலாமணியின் படகுக்குப் பின்னாலேயே. மழையில் கரை தெரியவில்லை. பெட்டியை அவன்தான் அணைத்து வைத்திருந்தான். சொன்னபடியே. மாசிலாமணி பக்கத்தில் வந்து கையசைத்துக் கத்திய பிறகே அவனுக்கு விஷயம் தெரிந்தது. இறங்கியதும் அமுதவல்லி அவனை அறைந்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்தப் புயலில் குப்பம் கூரைகளையும் வலைகளையும் இழந்தது. மனிதர்களை இழக்கவில்லை.

சங்கம் கூட்டம் போட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. தலைவர் பேசினார். "கருவியும் வேணும், மனுஷனும் வேணும். கருவி கைவிட்ட எடத்துல மனுஷி காப்பாத்துனா" என்றார். நிறையக் கைதட்டல். மாசிலாமணி எழுந்து நின்று தட்டினார். நிஜாமுதீனும் தட்டினார். இனிமேல் பெரிய எச்சரிக்கைகளை அமுதவல்லியே சொல்வாள், கருவி சின்ன வேலைகளைப் பார்க்கும் என்று தீர்மானம் ஆனது. அவள் மறுபடி எல்லாரோடும் பேச ஆரம்பித்தாள். வாசுகியின் காய்ச்சலைக் கேட்டாள். கொஞ்ச நாள் அப்படிப் போனது.

மார்கழியில் ஒரு நாள், அமுதவல்லிக்கு விடுமுறை. மற்றப் படகுகள் கடலுக்குப் போன பிறகு இஞ்சின் மக்கர் செய்ததால், கலைமணியின் படகு துறையில் கட்டிக் கிடந்தது. அமுதவல்லி அவனுக்கு இட்லி கொண்டுபோயிருந்தாள். அவன் எண்ணெய்க் கையோடு வாயைத் திறக்க, அவள் ஊட்டிவிட்டாள். "கழுத வயசாச்சு, கைய கழுவிட்டுத் தின்னா என்ன?" என்றாள். வெயில் நன்றாக இருந்தது.

பக்கத்தில் கட்டியிருந்த படகில் ஆள் இல்லை. அதன் பெட்டி ஒலித்தது. தானாக எடுத்துக்கொண்டது.

'அண்ணே… தம்பி திரும்பல.'

அவள் கை நின்றது.

'கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், பதில் இல்ல. யாராவது பாத்தீங்களா? கும்பிடுறேன்…'

பிறகு அந்த ஓசை. அன்று அவளிடமிருந்து வந்த அதே ஓசை. அவளே இரண்டாவது தடவை செய்ய முடியாதது.

கலைமணி வாயில் இட்லியோடு அந்தப் பெட்டியைப் பார்த்தான். தன் அக்கா தனக்காக அழுவதை முழுவதும் கேட்டான்.

அவள் ஓடினாள். அவன் பின்னால் வந்தான். மையத்தில் நிஜாமுதீன் திரையின் முன் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. திரையில் அம்புகள் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பிக்கொண்டிருந்தன. மாசிலாமணியின் அம்பு மட்டும் தெற்கே வளைந்தது. கலைமணியைத் தேடித்தான்.

"நிறுத்துங்க சார்."

"நான் போடலம்மா. எச்சரிக்கை வந்த உடனே அதுவே எடுத்துருச்சு. உங்களுக்குப் போன் பண்றதுக்குள்ள."

"நிறுத்துங்க. அவன் இங்க நிக்கிறான் பாருங்க, உசுரோட. பொய்யின்னு சொல்லுங்க."

நிஜாமுதீன் விசைமேல் கை வைத்தார். அழுத்தவில்லை.

"காத்து நெசம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல அடிக்கப் போவுது. இப்பப் பொய்யின்னு சொன்னா அத்தன படகும் அங்கேயே நின்னுரும். அதுக்கப்புறம் நீங்க சொன்னாலும் நம்ப மாட்டாங்க." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லும்மா. நிறுத்தட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். தெற்கே வளைந்த அம்பு காற்று வரும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "மாசிலாமணி அண்ணன மட்டும்…" என்று ஆரம்பித்தாள். அவரிடம் என்ன சொல்வது? தம்பி கரையில் இருக்கிறான் என்றா? யாருடைய குரலில்?

கலைமணி அவள் முழங்கையைத் தொட்டான். அவன் கேட்டது தாழ்ந்த குரலில்தான்.

"அக்கா, நான் நெசமா வராத அன்னிக்கு நீ என்ன சொல்லுவ?"

அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு ஓசை கிளம்பியது. இதுவரை வராத ஒன்று. அது தொண்டைக்கு வந்தபோது மேசையில் ஒலிவாங்கியின் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தாள்.

முந்தானையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"பேசுக்கா," என்றான் கலைமணி. "அக்கா, பேசு."

அவள் தலையை ஆட்டினாள். விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு.